பயிருக்கா, உயிருக்கா?

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குத் திரும்புகிற மனிதன், காலையில் வெண்ணாற்றங்கரையில் காலாற நடப்பதும் மாலையில் கோயில் மண்டபத்துக் காற்றை வாங்குவதுமாகத் திருப்தியடைந்துவிட வேண்டும். அப்படியின்றி, முப்பத்தைந்து வருஷங்களாக யாரும் தொடாத ஒரு பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் திறந்து பார்ப்பானாகில், அதற்குப் பிறகு நேருகிற சகல உபத்திரவங்களுக்கும் அவனே ஜவாப்தாரி.

நான் திறந்தது என் தாத்தாவின் தோட்டாப் பெட்டி. பச்சை பூத்துக் கிடந்த பன்னிரண்டாம் நம்பர் பித்தளைத் தோட்டாக் கூடுகள் இரண்டு டஜன், தக்கை வெட்டுகிற வட்ட உளி, செப்பு அளவை, ஈய ரவை நிறைந்த துணிப்பை, அந்தக் காலத்துக் கரிமருந்து டப்பி ஆகியவை அதில் இருந்தன. காவேரிப் பாசனத்தின் ஈரம் பல வருஷங்கள் ஊறிய மருந்து, மார்கழி மாதத்து வெல்லம்போல் இறுகிப்போயிருந்தது.

தாத்தா தோட்டா நிரப்புகிற அழகை, தை மாதத்தில் சம்பா அறுத்துக் களம் காலியான பிறகு, திண்ணையில்தான் காணவேண்டும். பழைய கேப்பைத் தட்டி எடுத்துப் புதிய கேப்பைப் பொருத்தி, மருந்தை அளந்து கொட்டி, தக்கையை வைத்து அழுத்தி, ரவையைப் பெய்து, மேலே மெல்லிய தக்கை வைத்து மெழுகால் வாயை மூடுவார்; சிராத்தம் செய்துவைக்கிற புரோகிதரிடங்கூட நான் அத்தனை சிரத்தையைக் கண்டதில்லை. தக்கைக்கு வேண்டிய தடித்த அட்டை கிராமத்தில் கிடைக்காதாகையால், வீட்டுக்கு வருகிற கல்யாணப் பத்திரிகைகளெல்லாம் அந்த உளிக்கே இரையாயின. உள்ளானையோ சிறவியையோ குறிவைத்துச் சுட்டபின் வரப்போரமாகத் தேடினால், ‘சுபமுகூர்த்தம்’ என்ற எழுத்துக்கள் பாதி கருகிக் கிடக்கும். ஒரு சமயம் ஒரு சம்பந்தி வயல் பார்க்க வந்த இடத்தில் தம் புத்திரனின் பெயரை அப்படிக் கண்டெடுத்துவிட்டார். பறவை பறந்துபோய்விட்டது, மனஸ்தாபம் மாத்திரம் மூன்று தீபாவளிகள் இருந்தது.

அந்தக் கலையைப் புதுப்பிப்பதென்று சங்கல்பம் செய்துகொண்டேன். குறுக்கே நின்றது சட்டம். லிட்டன் பிரபு காலத்து 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், வெள்ளைக்காரருக்கு விலக்களித்துவிட்டு நம்மவர்களுக்கு மட்டும் உரிமம் வேண்டுமென்றது. 1962 அக்டோபர் முதல் அமலுக்கு வந்த 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமோ, எல்லோரையும் சமமாகக் காத்திருக்க வைக்கிற பெருந்தன்மையுடையது. அதன் ஐந்தாவது பிரிவின்படி தோட்டா உற்பத்தி செய்யத் தனி உரிமம் வேண்டும். காலிக் கூட்டில் மறுபடி மருந்தை நிரப்புவது உற்பத்தியாகுமா என்பது சுவாரஸ்யமான தர்க்கந்தான். ஆனால் அத்தகைய தர்க்கங்களைக் கூண்டில் நின்று செய்கிற பிராயம் எனக்குக் கடந்துவிட்டது. பித்தளைக் கூடுகளைப் புளி போட்டுத் துலக்கி, அலமாரியில் வரிசையாக நிறுத்தினேன். என் மனைவி அவற்றில் ஊதுவத்தி செருகிவிட்டாள்.

சரி, துப்பாக்கியையாவது மீட்போம் என்று, அப்பாவுக்குப் பின் ஆயுதக் கடையில் டெபாசிட்டாகக் கிடந்த இரட்டைக்குழலுக்கு வாரிசு என்ற முறையில் மனுச் செய்தேன். மனுவைப் பார்த்த குமாஸ்தா தலை நிமிராமல் கேட்டார்: “பயிருக்கா சார், உயிருக்கா?”

பயிர்ப் பாதுகாப்பா, தற்காப்பா என்பது அதன் பொருள் என்று விளங்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. என் உயிரை அபகரிக்கச் சிரமப்படக்கூடியவர் இந்தப் பிராந்தியத்தில் யாருமில்லையாதலால், பயிருக்கு என்றேன். பயிருக்குச் சத்துருவோ மயில். அது முருகப்பெருமானின் வாகனம். 1963 முதல் தேசியப் பறவை. போதாக்குறைக்கு 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வேறு இடம் பெற்றிருக்கிறது. இத்தனை சிபாரிசுகளோடு நாற்றங்காலில் நிற்கிற ஜந்துவின் எதிரே துப்பாக்கியோடு போய் நிற்பவன், அதற்கு வணக்கம் செலுத்தத்தான் வந்திருக்கிறான் என்று தோன்றும்.

உரிமம் கிடைத்தது. ஆசை அத்துடன் நின்றதா என்றால், இல்லை. கைத்துப்பாக்கிகள் சேகரிக்கவேண்டுமென்று ஒரு சபலம். ஒன்பது மில்லிமீட்டர் ரகம் குடிமக்களுக்குத் தடை. கான்பூர் அரசாங்கத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் வாங்கலாம். ஆனால் ஒருவர் மூன்று ஆயுதங்கள் வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2019-இல் இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். இரட்டைக்குழல் ஒன்று போக மிச்சம் ஒன்று. ஒன்றை வைத்துக்கொண்டு சேகரிப்பு என்றால் ஊர் சிரிக்காதா? உண்மையில் இந்தத் தேசத்தில் துப்பாக்கி கலெக்ட் செய்கிற யோக்கியதை கலெக்டர் ஒருவருக்கே உண்டு. தேர்தல் அறிவித்தவுடன் ஜில்லா முழுவதிலுமுள்ள துப்பாக்கிகளை அவர் ஸ்டேஷன்களில் ஒப்படைக்கச் சொல்லிவிடுகிறார். சட்டசபை, பார்லிமெண்டு, உள்ளாட்சி என்று அடுத்தடுத்துத் தேர்தல்கள் வந்ததில், என் துப்பாக்கி புக்ககத்தில் வாழ்ந்த நாட்களைவிடப் பிறந்தகம் போயிருந்த நாட்களே அதிகமாயின.

சட்டத்தின் பிடியில் அகப்படாத ஆயுதம் தஞ்சாவூரில் ஒன்றுண்டு. ரகுநாத நாயக்கர் காலத்தில் இரும்புப் பட்டைகளைக் காய்ச்சி அடித்து ஒன்றாக்கிய ராஜகோபால பீரங்கி, ஏழு மீட்டருக்கு மேற்பட்ட நீளமும் சுமார் இருபத்திரண்டு டன் எடையுமாக, பீரங்கி மேட்டில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வழக்கொழிந்த, பழுது பார்த்தாலும் சுட முடியாத ஆயுதங்களுக்குச் சட்டமே விலக்களிக்கிறது. ஒரு தரம் அதன் வாயை எட்டிப் பார்த்தேன். தாத்தா இதற்குத் தக்கை வெட்டியிருந்தால், தஞ்சாவூர் ஜில்லாவின் கல்யாணப் பத்திரிகைகள் அனைத்தும் போதியிரா.

கடைசியில் சேகரிப்பைத் தீபாவளிக் கடையில் ஆரம்பித்தேன். பேரனுக்கு என்று சொல்லி வாங்கியவை இப்போது பதினொன்று: சுருள் கேப்பு மாட்டுகிற தகர ரகம் ஏழு, எட்டு வெடி கொண்ட வளையம் மாட்டுகிற ரிவால்வர் நான்கு. பேரன் இரண்டாவது நாளே செல்போனுக்குத் திரும்பிவிட்டான். நான் திண்ணையில் தாத்தாவின் இடத்தில் அமர்ந்து, சுருளைப் பிரித்து, ஈரம் பாய்ந்த பொட்டுக்களைக் கழித்துக்கட்டி, சாஸ்திரோக்தமாக நிரப்பினேன்.

“பெரிய துப்பாக்கி எங்கேங்க?” என்று உள்ளிருந்து மனைவி கேட்டாள்.

“ஸ்டேஷனில்.”

“அப்ப அந்த மயிலை யார் விரட்டறது?”

வரப்புக்குப் போய், பத்தடி தூரத்தில் நின்று, குறிவைத்து விசையை அழுத்தினேன். ‘டப்’பென்றது. மயில் ஒரு தரம் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மேய ஆரம்பித்தது.