குட்டி யானைக்கு இருபது வயசு: மேலிடத்துக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
வாடகை வண்டிக்காரன்,
கோவில்பட்டி வட்டாரம், கரிசல் சீமை.

பெறுநர்:
வண்டிகளின் வயதை எண்ணிக் கட்டணம் விதிக்கும் மேலிடம்,
சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைத் துறை அமைச்சகம், புதுதில்லி.

பொருள்: எப்.சி. எனப்படும் தகுதிச்சான்று – வயதுவாரியாகக் கட்டணம் உயர்த்தியமை – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: 1) மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 56. 2) 2025 நவம்பர் மாதக் கட்டண அறிவிக்கை. 3) எங்கள் சட்டைப்பை.

ஐயா,

பார்வை 3-இல் கண்டது காலியாக இருப்பதால், பார்வை 1, 2 ஆகியவற்றின் மீது மட்டும் இந்த விண்ணப்பத்தைப் பணிவுடன் எழுதிக்கொள்கிறோம்.

எங்கள் ஊர் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே, தங்களுடைய 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிறது. நாட்டுக்குத் தீப்பெட்டி தருகிற ஊர். 2020-இல் எங்கள் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கொடுத்தது தங்கள் அரசுதான். சுற்றிலும் வானம் பார்த்த பூமி. புரட்டாசியில் விதைத்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்போம். மழை மனசு வைத்தால் தையில் உளுந்தும் பாசியும், அடுத்தடுத்து மக்காச்சோளமும் மல்லியும் வத்தலும் பருத்தியும் களத்துக்கு வரும். களத்திலிருந்து கமிஷன் கடைக்கு அது எப்படி வருகிறது என்று கேட்டால், அங்கேதான் நாங்கள் வருகிறோம்.

2005 மே மாதம் டாடா ஏஸ் என்று ஒரு சின்ன வண்டி சந்தைக்கு வந்தது. ஊர் அதற்கு உடனே குட்டி யானை என்று பெயர் வைத்துவிட்டது. லாரி திரும்ப முடியாத தெருவில் திரும்பும். மாட்டுவண்டி போன தடத்தில் போகும். தீப்பெட்டி ஆபீசிலிருந்து குச்சிக் கட்டை ஏற்றிக்கொண்டு போய் ஊர் ஊராக இறக்கும். எட்டயபுரம் ஆட்டுச் சந்தைக்கு ஆட்டை ஏற்றும். கோடையில் டேங்கைத் தூக்கி வைத்தால் விளாத்திகுளம் பக்கத்துக் கிராமங்களுக்குக் குடிதண்ணீர் விற்கும். கல்யாணத்துக்குச் சீர்வரிசை, தேர்தலுக்கு மைக் செட், வீடு மாறினால் கட்டில், பீரோ. இந்த வண்டி சுமக்காத ஒரு பொருளும் கரிசலில் இல்லை.

முதல் ஆண்டு வந்த குட்டி யானைகளுக்கு 2025-இல் இருபது வயசு நிறைந்தது. அதே ஆண்டு நவம்பரில் தங்கள் அறிவிக்கையும் வந்தது. இருபது வயது தாண்டிய கனரக லாரிக்கும் பஸ்ஸுக்கும் தகுதிச் சோதனைக் கட்டணம் 25,000 ரூபாய். எங்கள் இலகு ரக வண்டிக்கு 15,000. மூணு சக்கர வண்டிக்கு 7,000. பதினைந்து வயதில் தொடங்கி வந்த மூப்புக் கட்டணத்தை, பத்து வயதிலேயே தொடங்கும்படி முன்னுக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். பிறந்தநாளை ஞாபகம் வைத்து இப்படி ஒரு பரிசு அனுப்பிய தங்கள் அன்பை எண்ணி வண்டி ஸ்டாண்டே நெகிழ்ந்துபோய்க் கிடக்கிறது.

கட்டணத்துக்கு முன்னால், எப்.சி. எப்படி நடக்கிறது என்பதைத் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வண்டி வாங்கி எட்டு வருசம் வரைக்கும் இரண்டு வருசத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். அதற்குப் பிறகு வருசா வருசம். ஆக, வருசத்துக்கு ஒருநாள் வண்டி மாப்பிள்ளை ஆகிறது. டிங்கரிங் பார்த்து, பட்டி பூசி, பெயிண்ட் அடித்து, முன்னால் வெள்ளையும் பின்னால் சிவப்புமாக ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டியாகிவிடும். மழையே மறந்துபோன ஊரில் வைப்பர் மட்டும் அன்றைக்கு இடமும் வலமுமாகத் துடைத்துக்கொண்டிருக்கும். இண்டிகேட்டர் சிமிட்டும். முதலுதவிப் பெட்டி தூசி தட்டி முன்சீட்டுக்கு வரும். டயர் தேய்ந்திருந்தால் சிநேகிதன் வண்டியிலிருந்து நல்ல டயர் இரவல் வரும், எப்.சி. முடிந்த சாயங்காலமே அது சிநேகிதன் வண்டிக்குத் திரும்பிப் போகும். அப்புறம் முந்நூற்று அறுபத்து நாலு நாளும் பழைய டயர்தான் கரிசலைச் சுற்றி வரும்.

இதைச் செய்கிறவன் கெட்டவன் என்று தாங்கள் நினைக்கலாம். அவன் கணக்கையும் கொஞ்சம் பாருங்கள். எப்.சி.க்கு வண்டியைத் தயார் பண்ணும் நாட்களில் வாடகை கிடையாது. பட்டறைக்குக் கூலி. பெயிண்டுக்குக் காசு. இன்சூரன்ஸ், புகைச் சான்று, பசுமை வரி எல்லாம் முடித்திருக்க வேண்டும். இடையில் நிற்கும் புரோக்கருக்கு அவர் சொல்வதுதான் விலை. இத்தனையும் போக மிச்சம் இருந்தால்தான் பிரேக் லைனர். லைனர் டிரம்முக்குள்ளே ஒளிந்துகொண்டிருக்கிறது. பெயிண்ட் வெளியே மின்னுகிறது. கையில் இருக்கிற காசுக்கு அவன் எதை முதலில் வாங்குவான் என்று தாங்களே சொல்லுங்கள். இப்போது அந்த மிச்சத்திலும் 15,000-த்தை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டீர்கள். பிரேக் லைனர் மாற்றி, முன்டயர் இரண்டையும் புதிதாகப் போட்டிருக்க வேண்டிய பணம், வண்டி பத்திரமாக இருக்கிறது என்று சொல்லும் காகிதத்துக்குப் போகிறது.

எங்களுக்கு விளங்காதது ஒன்று உண்டு. ரோலரில் சக்கரத்தை ஏற்றிப் பிரேக் பார்க்கிறார்கள். புது வண்டிக்கும் பழைய வண்டிக்கும் அதே ரோலர், அதே கரண்டு, அதே ஆள், அதே நேரம். பிறகு ஏன் கட்டணம் மட்டும் வயதோடு சேர்ந்து வளர்கிறது? டாக்டரிடம் கிழவன் போனாலும் குமரன் போனாலும் ரத்த அழுத்தம் பார்க்க ஒரே ஃபீஸ்தான். வயசைக் கேட்டுவிட்டு ஃபீஸைப் பெருக்குகிற டாக்டரைக் கண்டால், நோயாளி குணமாவதை அவர் விரும்பவில்லை என்றுதான் ஊர் பேசும்.

நிஜ யானைகள் பாக்கியசாலிகள். கோயில் யானைகளுக்கு 2003-இல் தமிழக அரசு நலவாழ்வு முகாம் தொடங்கி, காட்டோரம் கூட்டிப்போய்க் குளிப்பாட்டி, நடக்கவிட்டு, வைத்தியம் பார்த்தது. அங்கே எந்த யானையிடமும் வயசைக் கேட்டுக் கட்டணம் வாங்கியதாகத் தகவல் இல்லை. எங்கள் யானைக்குத் தும்பிக்கை இல்லாததுதான் குறை போலிருக்கிறது.

வெளிநாட்டு வழக்கம் கேட்டால் மேலிடம் காது கொடுக்கும் என்பார்கள். பிரிட்டனில் எம்.ஓ.டி. என்று இதே மாதிரி ஒரு சோதனை 1960 முதல் நடக்கிறது. காருக்கும் சிறிய சரக்கு வேனுக்கும் அதிகபட்சக் கட்டணம் 54 பவுண்டு 85 பென்ஸ். மூன்று வயது வண்டிக்கும் அதே கட்டணம், முப்பது வயது வண்டிக்கும் அதே கட்டணம். நாற்பது வயது தாண்டி, பெரிதாக உருமாறாமல் இருக்கும் வண்டிக்கு 2018 மே முதல் சோதனையே கட்டாயமில்லை. அதைப் பழம்பெருமை என்று மரியாதையாக ஒதுக்கி வைத்துவிட்டார்கள். எங்களுக்கு அவ்வளவு மரியாதை வேண்டாம். சோதனை பண்ணுங்கள், வருசம் இரண்டு தடவைகூடப் பண்ணுங்கள். வயசை மட்டும் பில்லில் ஏற்றாதீர்கள்.

தானியங்கிச் சோதனை நிலையங்கள் பற்றியும் சொல்ல வேண்டும். 2021 செப்டம்பரில் தாங்கள் அதற்கு விதி போட்டீர்கள். ரோலரில் பிரேக், கண்ணாடிக்கு முன்னால் ஹெட்லைட், புகைக்குழாயில் கருவி, எல்லாமே கம்ப்யூட்டர் சொல்லும் கணக்கு. மனுசக் கை படாது. ஸ்டாண்டில் இதை எதிர்த்துப் பேசியவர்களைவிட வரவேற்றவர்களே அதிகம். இயந்திரம் பெயிண்டைப் பார்த்து மயங்காது; டீ செலவு கேட்காது. ஆனால் தாங்கள் குறித்த நாளைப் பாருங்கள். கனரக வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம் என்றீர்கள். நாள் நெருங்கியதும் 2024 அக்டோபர் 1 என்று தள்ளி வைத்தீர்கள். நிலையம் கட்ட நேரம் வேண்டாமா, வேண்டும்தான். எங்களுக்கும் எப்.சி. தேதிக்குள் பட்டறையில் வேலை முடியாமல் போவது உண்டு. அப்போது நாள் ஒன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் என்று தங்கள் விதி சொல்கிறது. தங்கள் தாமதத்துக்கும் அதே விகிதத்தில் கணக்குப் போட்டோம்: 549 நாள், 27,450 ரூபாய். அவசரமில்லை, தவணையாகக் கட்டினாலும் ஏற்றுக்கொள்கிறோம்.

அதுமட்டுமல்ல, எப்.சி. காலாவதியாகிவிட்ட வண்டி பிரிவு 56-இன்படி பதிவே ஆகாத வண்டி மாதிரி. ஆர்.சி. புக் கையில் இருக்கும், வண்டி வாசலில் நிற்கும், சட்டத்தின் கண்ணுக்கு மட்டும் அது தெரியாது. அபராதம் விதிக்கும்போது மட்டும் நன்றாகத் தெரியும்.

பழசை ஒழித்துவிட்டுப் புதுசு வாங்குங்கள் என்பதுதான் தங்கள் உள்நோக்கம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். 2021-இல் வண்டி உடைப்புக் கொள்கை கொண்டுவந்தீர்கள். 15 வயது தாண்டிய அரசு வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் பதிவைப் புதுப்பிப்பதில்லை என்றும் விதி செய்தீர்கள். அரசாங்கம் பழைய ஜீப்பை உடைத்தால் புது ஜீப்புக்குப் பட்ஜெட்டில் இடம் இருக்கிறது. எங்கள் வீட்டில் பட்ஜெட் என்று ஒன்று போட்டால், அதில் முதல் வரியே பள்ளிக்கூட ஃபீஸ். பழைய வண்டியை உடைத்துச் சான்று வாங்கி வந்தால் புது வண்டியின் வாகன வரியில் தள்ளுபடி என்றும் சொல்லியிருக்கிறீர்கள். தள்ளுபடி எவ்வளவு என்று படித்துப் பார்த்தோம். சொந்த உபயோகக் கார் வைத்திருப்பவருக்கு 25 சதவீதம் வரை. வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு 15 சதவீதம் வரை. வண்டியை உல்லாசத்துக்கு ஓட்டுகிறவருக்கு அதிகச் சிரமம் என்று தாங்கள் கண்டுபிடித்திருப்பது எங்கள் அறிவுக்கு எட்டாத ஆழம்.

சாலைப் பாதுகாப்புதான் நோக்கம் என்றால், மாசி மாதம் ராத்திரி எங்கள் பக்கம் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். அறுவடைக் காலம். மக்காச்சோளத்தட்டையை ஆள் உயரத்துக்குக் கட்டி ஏற்றிக்கொண்டு டிராக்டர் டிரெய்லர் ரோட்டோரம் போகும். பின்னால் விளக்கு இருக்காது. ரிஃப்ளெக்டர் இருந்தாலும் தட்டை அதை மூடியிருக்கும். விவசாய டிராக்டரைச் சட்டம் போக்குவரத்து வண்டிக் கணக்கில் சேர்ப்பதில்லை, அதனால் எப்.சி.க்கு வந்து நிற்க வேண்டியதும் இல்லை. அது சம்சாரிக்குக் கிடைத்த சலுகை, அதைப் பறிக்கச் சொல்ல மாட்டோம். ஆனால் ஸ்டிக்கர் ஒட்டிய குட்டி யானை 15,000 கட்டிவிட்டு வருகிறது; இருட்டில் அதற்கு முன்னால் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லாத டிரெய்லர் போகிறது. இந்த இரண்டில் எதைப் பார்த்து மேலிடம் பயப்பட வேண்டும்? ஒரு சிவப்பு விளக்கை அரசே மாட்டிக் கொடுத்தால்கூட ஒரு குட்டி யானையின் எப்.சி. பணத்தில் ஒரு கிராமத்து டிரெய்லர்களை முடித்துவிடலாம்.

ரோட்டைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. கரிசல் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் போட்ட தாரும் சேர்ந்து ஏறி இறங்கும். எங்கள் ஸ்பிரிங் பட்டை சீக்கிரம் தேய்வதற்கு வண்டியின் வயது மட்டும் காரணமில்லை என்பதைத் தங்கள் பொறியாளர்களே எழுதித் தருவார்கள்.

ஆகவே, மேற்படி காரணங்களை முன்னிட்டு எங்கள் கோரிக்கைகள்:

ஒன்று. ஒரே சோதனைக்கு ஒரே கட்டணம். வயதுக்கு வாங்கும் கட்டணம் தகுதிச் சோதனையில் சேராது. அது வெளியேற்றும் நோட்டீஸ்.

இரண்டு. சோதனையில் தோற்ற வண்டியிடம் கண்டிப்பாக இருங்கள். பிரேக் பிடிக்காத வண்டி ஓடக் கூடாது என்பதில் எங்களுக்கும் தங்களுக்கும் கருத்து வேறுபாடே இல்லை. அந்த வண்டியின் ஸ்டீரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருப்பது நாங்கள்தான். பழுது பார்த்துக்கொண்டு திரும்பி வர நியாயமான அவகாசம் கொடுங்கள்.

மூன்று. வருசத்துக்கு ஒருநாள் மாப்பிள்ளை பார்ப்பதோடு நிற்காமல், பிரேக்கையும் டயரையும் மட்டும் சாலையிலேயே எதிர்பாராமல் நிறுத்திப் பாருங்கள். இரவல் டயர் அன்றைக்கே ஒழியும்.

நான்கு. உடைப்புச் சான்றுக்கான வரித் தள்ளுபடியில் வாடகை வண்டிக்காரனைச் சொந்தக் கார்க்காரருக்குச் சமமாகவாவது வையுங்கள்.

ஐந்து. அறுவடை டிரெய்லர்களுக்குப் பின்விளக்கு. இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ஒரு பல்பும் கொஞ்சம் வயரும் போதும்.

இந்த ஐந்தில் ஒன்றுகூட எப்.சி. வேண்டாம் என்று கேட்கவில்லை என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த வண்டி ஓடத் தகுதியானதா என்று கேளுங்கள், ரோலரில் ஏற்றிப் பதில் சொல்கிறோம். இவ்வளவு வயசாகியும் ஏன் இன்னும் ஓடுகிறது என்று கேட்டால், அதற்குப் பதில் வண்டியில் இல்லை. விளைந்த உளுந்துக்குக் கிடைக்காத விலையிலும், பெய்யாத மழையிலும், வருசத்துக்கு வருசம் ஏறுகிற புது வண்டியின் விலையிலும் இருக்கிறது. அவற்றுக்கெல்லாம் தகுதிச்சான்று கொடுக்கும் அலுவலகம் எது என்று தெரிந்தால், அங்கேயும் ஒரு விண்ணப்பம் போடத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் கட்டணப் பட்டியலில் தவறாமல் இடம்பெறும்,
கரிசல் வண்டிக்காரன்.

நகல்: லைனர் மாற்றிக் கொடுத்துவிட்டுக் கடன் சொன்னதைப் பொறுத்துக்கொண்டிருக்கும் பட்டறை அண்ணாச்சிக்கு, தகவலுக்காகவும் இன்னும் ஒரு மாத அவகாசத்துக்காகவும்.