லைப்ரரி வேலைக்கு எத்தினி பட்டம் வேணும் நைனா?

வா நைனா, குந்து. லைப்ரரியன் ஆகப் போறியாமே? பி.லிப் ஒரு வருஷம், எம்.லிப் ஒரு வருஷம், காலேஜ் வேலைன்னா நெட்டோ செட்டோ ஒரு பரீட்சை, ஆசை அடங்கலைன்னா பி.எச்டி. பேருக்குப் பின்னால இத்தினி எழுத்தைக் கோத்துக்கினு, கடைசியில பேப்பரை மடிச்சு வைக்கறதுக்கா இம்மாம் பாடு?

கோச்சிக்காதே. நடந்த சங்கதி ஒண்ணு கேளு. 1923ல மெட்ராஸ் யூனிவர்சிட்டிக்கு லைப்ரரியன் தேடினாங்க. அமைஞ்சவரு சீர்காழி ரங்கநாதன், பிரசிடென்சி காலேஜ் கணக்கு வாத்தியாரு. லைப்ரரிப் படிப்பு? சுத்தமா இல்ல. பிரிட்டானிக்காவுல லைப்ரரி பத்தி இருந்த கட்டுரையை சில நாளைக்கு முன்னாடி புரட்டிட்டு இன்டர்வியூவுக்குப் போனாராம். இன்னிக்கி மனு போட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்? எம்.லிப்ல 55 பர்சென்ட் எங்கடான்னு கேட்டு வாசல்லயே திருப்பி இருப்பான்.

ஒடனே துள்ளாதே, படிப்பே வேணாம்னு நான் சொல்லல. வேலையில சேந்த மனுசனுக்கு ஒரே சலிப்பு. ஆளே வராத எடத்துல எத்தினி நேரம் செவுத்தைப் பாக்கறது? கணக்குக்கே திரும்பிடறேன்னு போய் நின்னாரு. லண்டன்ல பயிற்சி எடுத்துட்டு வா, அப்பவும் புடிக்கலைன்னா பாத்துக்கலாம்னு அனுப்பி வச்சாங்க. அங்க பாடமும் கேட்டாரு, லைப்ரரி லைப்ரரியா பூந்தும் பாத்தாரு. ஒரு கடையில மெக்கானோ பொம்மை. அதே துண்டுங்களை மாத்தி மாத்தி மாட்டினா வேற வேற உருவம் வருது. புஸ்தகத்துக்கு நம்பர் போட கோலன் முறை அங்கதான் மொளைச்சுது. பொம்மைக் கடைக்கு எந்த யூனிவர்சிட்டி மார்க்கு போடுது, சொல்லு?

ஊருக்கு வந்து 1929ல மத்தவங்களுக்கும் பயிற்சி ஆரம்பிச்சாரு. 1931ல அஞ்சு விதின்னு புஸ்தகம் போட்டாரு. மொத விதி, புஸ்தகம் உபயோகத்துக்கு. நாலாவது, வாசகரோட நேரத்தை மிச்சம் பண்ணு. நீயும் உருப்போடுவே, பத்துக்குப் பத்து வாங்குவே. வாங்கிட்டு? மொத விதியைச் செவுத்துல ஒட்டி, அதுக்குக் கீழயே பீரோவைப் பூட்டி, சாவியை இடுப்புல முடிஞ்சிக்கற கெட்டிக்காரனை நான் பாத்திருக்கேன் நைனா.

உனக்கு மொதலாளி யாரு, அதையும் தெரிஞ்சுக்கோ. 1948ல மெட்ராஸ் பொது நூலகச் சட்டம் வந்தப்போ நம்ம சித்தூரும் மெட்ராஸ் மாகாணம்தான். வீட்டு வரியோட லைப்ரரி வரியும் அப்ப ஒட்டிக்கிச்சு. நாம ஆந்திராவுக்கு வந்தோம், 1960ல இங்கயும் சட்டம் போட்டாங்க, வரியும் பின்னாலயே வந்துது. ஜில்லா லைப்ரரிங்களை நடத்துற ஜில்லா கிரந்தாலய சம்ஸ்தாவுக்கு அந்தக் காசு போவுது. ஓட்டு வீட்டுக்காரனும் குடுக்கறான்.

அவன் ஒரு நாளைக்கு வருவான். மாங்காத் தோப்புக்காரன், தத்துப்பூச்சி பூவெல்லாம் கருக்கிடுச்சு, மருந்து போட்டிருக்கற புஸ்தகம் கீதான்னு தெலுங்குல பாதி தமிழுல பாதி கேப்பான். நீ கேட்டலாக்கைப் பாருன்னு கம்ப்யூட்டரைக் காட்டுவியா? புஸ்தகத்துக்கு நம்பர் போடற டியூயி முறையில பழத்தோட்டத்துக்கு 634. அது உனக்குத் தெரியணும், அவனுக்கு இன்னாத்துக்கு? நீ எழுந்திரிச்சுப் போயி எடுத்தாரணும். எந்தப் பக்கம்னு பிரிச்சும் குடுக்கணும். எழுத்துக் கூட்டிப் படிக்கறவனா இருந்தா நீயே படிச்சுக் காட்டணும். இதுக்குத் தனியா பேப்பர் எதுவும் கெடையாது, பெயிலு மட்டும் உண்டு.

திருப்பதியில எஸ்.வி. யூனிவர்சிட்டி 1954லேர்ந்து கீது, லைப்ரரி சயின்சுக்குத் தனித் துறையே வச்சிருக்கான். தாராளமா போய்ச் சேரு. நம்பர் போடக் கத்துக்கோ, கம்ப்யூட்டரும் கத்துக்கோ, ஒண்ணும் கொறைஞ்சு போவாது. ஒண்ணு மட்டும். பயோடேட்டாவுல பொழுதுபோக்குன்னு ஒரு கட்டம் இருக்கும். பழக்க தோசத்துல அதுல வாசிப்புன்னு எழுதி வச்சிடாதே. கடைசியா இன்னா புஸ்தகம் படிச்சேன்னு எவனாவது கேட்டுத் தொலைப்பான்.