காமினி அம்மையாருக்கு ஒரு பொன்னாடை

(மாட்டுங்காவில் ஓர் அச்சகம். 'நாற்பதுகளின் இந்தித் திரையிசைப் பொற்காலம்' விழா மலர் நாளைக் காலை அச்சேற வேண்டும். புரூஃப் கட்டுக்கு இந்தப் பக்கம் மன்றத் தலைவர், அந்தப் பக்கம் வயதான புரூஃப் ரீடர்.)

தலைவர்: மலர் முழுக்கப் படிச்சீரா பெரியவரே? கண்ணுல தண்ணி வந்திருக்குமே!

புரூஃப் ரீடர்: வந்துது தலைவரே. வாழ்நாள் சாதனை விருதுப் பட்டியல்ல மூணாவது பேரைப் பார்த்தப்போ. 'இசைக்குயில் காமினி அம்மையார்.' யார் இவங்க?

தலைவர்: என்னய்யா, நீரெல்லாம் பழைய பாட்டு கேட்கிற ஆளா? 1949, 'மஹல்' படம். பாழடைஞ்ச மாளிகை, ஊஞ்சல், நடுராத்திரி மணியோசை, எங்கேயோ இருந்து ஒரு குரல். இசைத்தட்டுல பேர் தெளிவா இருக்கு: காமினி. பூதக்கண்ணாடி வச்சு நானே பார்த்தேன்.

புரூஃப் ரீடர்: அது கதையில வர்ற பேரு. பாடினது லதா மங்கேஷ்கர். அப்போ பாடினவங்க பேரை விட்டுட்டு, பாத்திரத்தோட பேரைத் தட்டுல போடறது சகஜம். ரேடியோவுல அந்தப் பாட்டு வந்ததும், யார் பாடினதுன்னு கேட்டுக் கடுதாசி மேல கடுதாசி. ரேடியோக்காரங்களுக்கே தெரியாம, தட்டு போட்ட கம்பெனியைக் கேட்டுத்தான் சொன்னாங்க.

தலைவர்: அப்போ காமினி?

புரூஃப் ரீடர்: கதைப்படி செத்துப்போனவ. நான்தான் அவளோட ஆவின்னு சொல்லிக்கிட்டு மாளிகையில சுத்தறது தோட்டக்காரர் மகள். ஆக, உங்க மூணாவது விருது பேய்க்குக்கூட இல்லை, பேய் வேஷத்துக்கு.

தலைவர்: பொன்னாடையில ஜரிகையால பேர் நெய்யக் கொடுத்தாச்சேய்யா! தங்கறதுக்கு ஏசி ரூம் போட்டிருக்கு. புரவலர் வேற, மேடையில காமினி அம்மா பக்கத்துலதான் உட்காருவேன்னு சொல்லிட்டார்.

புரூஃப் ரீடர்: உட்காரட்டும். ஜில்லுன்னு இருக்கும்.

தலைவர்: அதை அப்புறம் பார்ப்போம். என் தலைமையுரை எப்படி?

புரூஃப் ரீடர்: (வாசிக்கிறார்) "அந்தக் காலத்தில் கதாநாயகன் உத்தமன். திருட்டும் புரட்டும் தகாத உறவும் திரையில் தலைகாட்டியதே கிடையாது." இதுக்குப் பக்கத்துல 'கிஸ்மத்' ஸ்டில் போட்டிருக்கீங்க.

தலைவர்: பம்பாய் டாக்கீஸ்! 1943! அசோக் குமார் சிகரெட் பிடிக்கிற அழகு ஒண்ணு போதுமே.

புரூஃப் ரீடர்: அந்த அழகர் அதுல பிக்பாக்கெட். கதாநாயகியோட தங்கச்சி கல்யாணத்துக்கு முன்னாடியே பிள்ளையுண்டாகறா. அந்தப் படம்தான் கல்கத்தா ராக்ஸி தியேட்டர்ல மூணு வருஷத்துக்கு மேல ஓடிச்சு. உங்க உத்தமர்கள் நடிச்ச படம் எத்தனை வாரம் ஓடிச்சுன்னு எழுதலையே?

தலைவர்: ஸ்டில்லை எடுத்துடுவோம்.

புரூஃப் ரீடர்: உரையைத் திருத்தலாமே?

தலைவர்: உரை மனப்பாடம் ஆயிடுச்சு. அடுத்த பக்கம் போங்க.

புரூஃப் ரீடர்: "அக்காலக் கலைஞர்கள் ஆள்வோரை எதிர்த்து ஒரு சொல் பாடியது கிடையாது. இன்றைய தலைமுறை இந்த அடக்கத்தைக் கற்க வேண்டும்." இதுவும் 1943-ன்னு போட்டிருக்கு.

தலைவர்: ஏன், வருஷம் தப்பா?

புரூஃப் ரீடர்: வருஷம் மட்டும்தான் சரி. அதே கிஸ்மத்துல, இது எங்க நாடு, அந்நியனுக்கு இங்கே இடமில்லைன்னு மேடையில நின்னு பாடற பாட்டு இருக்கு. எழுதினது கவி பிரதீப், மெட்டு அனில் பிஸ்வாஸ். போர் நடக்கற சமயம். பாட்டுக்குள்ள ஜெர்மனியையும் ஜப்பானையும் நுழைச்சாங்க. தணிக்கைக்காரர் பார்த்தார்: ஆகா, நம்ம யுத்தப் பிரசாரத்துக்கு ஒத்தாசை பண்றாங்களேன்னு முத்திரை குத்திட்டார். தியேட்டர்ல அரையணா டிக்கெட்காரனுக்கும் தெரியும், யாரைப் போகச் சொல்றாங்கன்னு. ரீலைத் திருப்பிப் போடச் சொல்லிக் கூச்சல். புரியாதவர் ஊர்லயே ஒருத்தர்தான், அவருக்குச் சம்பளம் கொடுத்து உட்கார வச்சிருந்தாங்க.

தலைவர்: அதுக்கப்புறம்?

புரூஃப் ரீடர்: அதுக்கப்புறம் புரிஞ்சுது. பிரதீப் கைதுக்குத் தப்பி ஒளிஞ்சு திரிய வேண்டியதாப் போச்சுன்னு சொல்வாங்க. 'அடக்கம்'னு நீங்க எழுதினது இந்த ஒளிஞ்சிருந்ததைத்தானோ?

தலைவர்: (சிவப்புப் பேனாவால் அடித்தபடி) அரசியல் நமக்கு வேண்டாம். 1943 பத்தி இன்னொரு கட்டுரை இருக்கே, 'வளம் கொழித்த ஆண்டு', அது நல்லா வந்திருக்கும்.

புரூஃப் ரீடர்: அதை யார் எழுதினது?

தலைவர்: நான்தான். ஏன்?

புரூஃப் ரீடர்: தலைவரே, 1943-ல கல்கத்தாவுல தியேட்டர் வாசல்ல கூட்டம் நின்னுது, நிஜம். அதே ஊர்த் தெருவுல கிராமத்து ஜனம் வீடு வீடாப் போய்ச் சோறு கேட்கலை, சோறு வடிச்ச கஞ்சித் தண்ணி கேட்டாங்க. வங்காளப் பஞ்சத்துல செத்தவங்க கணக்கு லட்சங்கள்ல போகுது. உள்ளே பாட்டு, வெளியே பிணம். அதைச் சொல்லவும் சினிமாவுல ஆள் இருந்தாங்க. மூணு வருஷம் கழிச்சு கே.ஏ. அப்பாஸ், இப்டா நாடகக்காரங்களைச் சேர்த்துக்கிட்டு 'தர்த்தி கே லால்' எடுத்தார். உங்க மலர்ல அந்தப் படத்துக்கு ஒரு வரி கிடையாது. 'வளம் கொழித்த'! எந்த மனசோட இதை எழுதினீங்க?

தலைவர்: (சற்று நேரம் கழித்து) தலைப்பை மாத்திடலாம்.

புரூஃப் ரீடர்: தலைப்பையா!

தலைவர்: கோபப்படாதீர். ஒரு டீ சொல்லவா? டீன்னதும் ஞாபகம் வருது, காமினி அம்மாவுக்குச் சர்க்கரை போடாத காபின்னு குறிச்சு வச்சிருந்தேன். அதுவும் இப்போ வேண்டாம்.

(சொன்னதும் அவருக்கே ஒரு துக்கம். அழைப்பிதழில் அந்த அம்மையாரின் பெயருக்கு முன்னால் ஐந்து பட்டங்கள் இருந்தன.)

புரூஃப் ரீடர்: அடுத்தது. "கலைஞனைத் தெய்வமாக வணங்கிய காலம்."

தலைவர்: இதுல என்ன குத்தம்? நௌஷாத் படத்தைப் போட்டிருக்கேன்.

புரூஃப் ரீடர்: நௌஷாத் கல்யாணத்தப்போ பெண் வீட்டுக்கு என்ன சொல்லிப் பெண் கேட்டாங்க தெரியுமா? மாப்பிள்ளை பம்பாய்ல தையல்காரர். சினிமாவுக்குப் பாட்டுப் போடறவன்னு சொன்னா பெண் கிடைக்காது. கல்யாண ஊர்வலத்துல பேண்டுக்காரன் எதை வாசிச்சான்? 'ரத்தன்' பாட்டு. 1944-ல ஊரையே ஆட்டி வச்ச படம், இசை மாப்பிள்ளைதான். இந்தப் பாட்டெல்லாம் ஜனங்களைக் கெடுக்குதுன்னு பெரியவங்க முணுமுணுக்க, தையல்காரர் தலையைக் குனிஞ்சுக்கிட்டுக் குதிரையில போனார். அவரே பின்னாடி சிரிச்சுக்கிட்டு இதைச் சொல்லியிருக்கார்.

தலைவர்: அந்தப் பெரியவங்களுக்கு ரசனை இல்லை.

புரூஃப் ரீடர்: அந்தப் பெரியவங்க அன்னிக்கு உங்களை மாதிரி மன்றத் தலைவர்கள். நாற்பதுகளைப் பார்த்து, முப்பதுகள் மாதிரி வருமான்னு கேட்டவங்க.

தலைவர்: ஆனா ஒண்ணு. இந்தக் காப்பி அடிக்கிற வேலை மட்டும் அந்தக் காலத்துல கிடையாது!

புரூஃப் ரீடர்: சைகல் தும்மினா அதே சுருதியில தும்ம ஒரு வரிசை நின்னுது. 1945-ல 'பஹ்லி நஸர்' படத்துல முகேஷ் பாடினதைக் கேட்டுட்டு, இதை நான் எப்போ பாடினேன்னு சைகலே குழம்பினார்னு கதை. 'ஜித்தி'யில கிஷோர் குமார் தொடங்கினதும் அந்தக் குரல்லதான். அதுல அவமானம் ஒண்ணும் இல்லை. பிடிச்சவரை மாதிரிப் பாடித்தான் தன் குரலைக் கண்டுபிடிக்கணும்.

தலைவர்: மேற்கத்திய இரைச்சல்?

புரூஃப் ரீடர்: சி. ராமச்சந்திரா 1947-ல 'ஷெஹனாய்' படத்துல ஞாயித்துக்கிழமைக்கு இங்கிலீஷ் வார்த்தையைப் போட்டு ஒரு பாட்டுக் கட்டினார், நாடே பாடிச்சு. 'பதங்கா'வுல ரங்கூனுக்கும் டேராடூனுக்கும் டெலிபோன்லயே காதல். பின்னால ட்ரம்பெட் ஊதினவங்க, வயலின் இழைச்சவங்க பாதிப் பேர் கோவாக்காரங்க. ராத்திரி ஹோட்டல்ல ஜாஸ், பகல்ல ஸ்டுடியோ. சிக் சாக்லேட்டுன்னு ஒரு ட்ரம்பெட்காரர், ராமச்சந்திராவோட கூடவே வேலை பார்த்தவர். அவங்க பேரெல்லாம் டைட்டில்ல தேடினாலும் பெரும்பாலும் அகப்படாது.

தலைவர்: அதையும் அடிச்சாச்சு. பணம் பத்தி எழுதினதாவது நிக்குமா? "கறுப்புப் பணம் என்ற சொல்லே அந்தக் காலத்தில் கிடையாது."

புரூஃப் ரீடர்: போர்க்காலத்துல பிலிமுக்கே ரேஷன். படம் 11,000 அடிக்கு மேல போகக்கூடாதுன்னு உத்தரவு, எடுக்க லைசென்ஸ். அந்தப் பக்கம் யுத்த காண்ட்ராக்டுல கொள்ளையடிச்சவன் கையில கணக்குல வராத பணம். அவன் வந்து நட்சத்திரத்துக்குப் பாதி செக், பாதி கவர்ல கொடுத்தான். மாசச் சம்பளத்துக்கு ஆள் வச்ச பழைய ஸ்டுடியோக்கள் அதுல ஆட்டம் கண்டு போச்சு. அரசாங்கம் 1949-ல விசாரணைக் குழுவே போட்டுது.

தலைவர்: கவர்லயா? (சட்டைப் பையைத் தடவிக்கொள்கிறார்) நம்ம புரவலரும் ரசீது வேண்டாம்னார். அடக்கமான மனுஷர்னு நினைச்சேன்.

புரூஃப் ரீடர்: சரி, உருப்படியா ஒரு பக்கம் இருந்துதே. எம்.எஸ். சுப்புலட்சுமியோட 'மீரா' 1947-ல இந்தியில வந்தது, 1948-ல ஜெமினியோட 'சந்திரலேகா' இந்தியில போட்ட போடு... அது எங்கே?

தலைவர்: அந்த இடத்துல என் வாழ்த்துச் செய்தி. போட்டோ கொஞ்சம் பெரிசு.

புரூஃப் ரீடர்: இருக்கட்டும். இதுக்குப் பதில் சொல்லுங்க. நூர்ஜஹான் கட்டுரை மேல சிவப்புக் கோடு. குலாம் ஹைதர் மேலயும் கோடு. இது நான் போட்டதில்லை.

தலைவர்: புரவலர் போட்டார். அவங்க அந்தப் பக்கம் போனவங்க. இப்போ உள்ள நிலைமையில மேடையில லாகூர்னு சொன்னா எவனாவது நாற்காலியைத் தூக்குவான். கலைக்கு எல்லை கிடையாது பெரியவரே, ஆனா ஹாலுக்கு டெபாசிட் கட்டியிருக்கோம்.

புரூஃப் ரீடர்: 1941-ல 'கஜாஞ்சி' எங்கேயிருந்து வந்தது? லாகூர், பஞ்சோலி ஸ்டுடியோ. குலாம் ஹைதர் பஞ்சாபி டோலக்கை எடுத்து இந்திப் பாட்டுக்குள்ள போட்டார், ஷம்ஷாத் பேகம் பாடினாங்க. அதுவரைக்கும் கல்கத்தா மாதிரி மெல்ல நடந்த பாட்டு அன்னிக்குத்தான் துள்ளிச்சு. பின்னால இருபது வருஷம் பம்பாய் அந்தத் தாளத்துல சாப்பிட்டுது. 1946-ல 'அன்மோல் கடி', நூர்ஜஹானும் சுரையாவும் ஒரே படத்துல, நௌஷாத் இசை. 1947-ல 'ஜுக்னு'. அதே வருஷம் கோடு கிழிச்சாங்க, அந்தம்மா போனாங்க. லாகூர்ல இருந்த பஞ்சோலி எல்லாத்தையும் விட்டுட்டு இங்கே ஓடி வந்தார். யாராவது இவங்களைக் கேட்டா கோடு போட்டாங்க? ஒரு வெள்ளைக்காரன் வரைபடத்துல போட்ட கோடே போதாதுன்னு, நீங்க இப்போ சிவப்பு மசியில இன்னொண்ணு போடறீங்க!

தலைவர்: மெதுவா, மெஷின்மேன் பார்க்கறான்.

புரூஃப் ரீடர்: பார்க்கட்டும். குரல் ரொம்ப மெலிசுன்னு ஒரு பெரிய தயாரிப்பாளர் லதாவைத் திருப்பி அனுப்பினார். கையைப் பிடிச்சு 1948-ல 'மஜ்பூர்' படத்துல பாட வச்சது யார்? இந்த குலாம் ஹைதர். அவரை அடிச்சா லதா இல்லை, லதா இல்லைன்னா 'மஹல்' இல்லை, 'மஹல்' இல்லைன்னா உங்க காமினி அம்மையாரே இல்லை!

தலைவர்: அவங்கதான் ஏற்கெனவே இல்லையே.

புரூஃப் ரீடர்: (தொண்டையைச் செருமிக்கொண்டு) இருந்தவங்க கதையைக் கேளுங்க. அதே 'மஹல்'ல ராஜ்குமாரின்னு ஒருத்தங்களும் பாடினாங்க. நாற்பதுகள்ல பெரிய பேர். காலம் மாறிச்சு, கூப்பிடறவங்க இல்லை. வருஷங்கள் கழிச்சு நௌஷாத் 'பாகீஸா' பின்னணி இசைக்கு ஒலிப்பதிவு பண்றப்போ பார்க்கிறார், கோரஸ் பெண்கள் வரிசையில ராஜ்குமாரி நிக்கறாங்க. பதறிப்போய், அவங்களுக்குன்னு தனியா ஒரு பாட்டுக் கொடுத்தார். அந்தக் கோரஸ்ல நின்ன வருஷமெல்லாம் உங்க மாதிரி மன்றங்கள் எங்கே இருந்துது? பொற்காலம், பொற்காலம்னு மாலை போட்டுக்கிட்டிருந்துது. படச்சுருளாவது மிஞ்சிச்சா? நைட்ரேட் பிலிம்ல வெள்ளி இருக்குன்னு சுரண்டி எடுத்தாங்க, மிச்சத்தை வளையல் பண்ண வித்தாங்க. புனேயில ஆவணக் காப்பகம் தொடங்கினதே 1964-ல. அதுக்குள்ள உங்க பொற்காலத்துல பாதி யார் யார் கையிலயோ குலுங்கிக்கிட்டிருந்துது.

தலைவர்: அடடா. அப்போ அந்த ராஜ்குமாரி அம்மாவுக்கே பொன்னாடையைக் கொடுத்துடலாமே!

புரூஃப் ரீடர்: அவங்க காலமாகிப் பல வருஷமாச்சு.

தலைவர்: அவங்களும் வர முடியாது, காமினியும் வர முடியாது. வித்தியாசம் என்ன?

புரூஃப் ரீடர்: அவங்க பாடினாங்க.

(போன் அடிக்கிறது. புரவலர். தலைவர் எழுந்து நின்று பேசுகிறார்.)

தலைவர்: ஆமாங்கய்யா... அடிச்சாச்சுங்க, லாகூர் சுத்தமா கிடையாது... கட்டுரைங்க கொஞ்சம் குறைஞ்சிருக்கு, உங்க விளம்பரம் அப்படியே இருக்குங்க, நாலு பக்கமும்... யாரு, காமினி அம்மாவா? (புரூஃப் ரீடரைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு கையை எடுத்து) நிச்சயம் உண்டுங்கய்யா. உடம்பு சரியில்லாததால நேர்ல வர முடியலைன்னு சொல்லியிருக்காங்க. ரொம்ப எளிமையானவங்க. பயணப்படி கூட வேண்டாம்னுட்டாங்க... ஆமாங்க, அந்தக் காலத்து மனுஷங்க... பொன்னாடையை அவங்க சார்பா நீங்களே வாங்கிக்கலாங்கய்யா.