ஒரு சதத்துக்கு ராஜயோகம்

மாத்தளையில் பழைய வீட்டுப் பரணை ஒதுக்கும்போது 1870 என்று பொறித்த ஒரு சதச் செப்புக்காசு கிடைத்தால் பதறாதீர்கள். நீங்கள் கோடீஸ்வரர், உலகத்துக்கு இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான். உடனே இணைய ஏலத்தில் ஏற்றிவிடுங்கள்.

முதலில் புளியும் சாம்பலும் போட்டுத் தேயுங்கள். நாணயம் சேகரிப்பவர்கள் அந்தப் பழைய களிம்பைத்தான் விரும்புவார்களாம். அழுக்குக்குக் காசு கொடுப்பவர்களை நம்பி வியாபாரம் செய்ய முடியுமா? குத்துவிளக்குப் போலப் பளபளக்கும்வரை விடாதீர்கள். ஒரு பக்கம் தாளிப்பனை மழுங்கும். மறுபக்கம் விக்டோரியா மகாராணியின் மூக்கு போகும், பிறகு தலையே போகும். நல்லது. தலை போன காசில் எந்த அரசனின் தலையையும் வைக்கலாம். "கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மடியில் முடிந்திருந்தது" என்று எழுதுங்கள்.

படம் கொஞ்சம் கலங்கலாக இருந்தால் பழமை கூடும். விலையை ஏற்றிவிட உக்குவளை மச்சானும் இரத்தோட்டைச் சித்தப்பாவும் மாறிமாறிக் கேட்கட்டும். குடும்ப ஒற்றுமைக்கும் நல்லது. மச்சான் உணர்ச்சிவசப்பட்டு வென்றுவிட்டால், தரகுப் பணத்தை மட்டும் நீங்கள் கட்டுங்கள்.

இவ்வளவு செய்தும் வெளிநாட்டார் ஒருவரும் நம்பாமல் போகலாம். ஆனால் நீங்கள் எழுதியதை வரிக்கு வரி நம்பக்கூடிய வாசகர் ஒருவர் இருக்கிறார்: தொல்பொருள் திணைக்களத்து அதிகாரி. 1940ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, தொல்பொருளை நாட்டைவிட்டு அனுப்ப அனுமதிப்பத்திரம் வேண்டும். "ஐயா, இது வெறும் 1870ஆம் ஆண்டுச் சதம்" என்று அப்போது சொல்லத் தோன்றும். எங்கே அந்த ஆண்டு, காட்டுங்கள் என்பார்.