தாத்தா ‘மார்ட்டினெட்’டா?

கேள்வி: சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில் மேஸ்திரியாக இருந்த என் தாத்தா மகா கண்டிப்பு. குடும்ப மலரில் அவரை ‘மார்ட்டினெட்’ என்று எழுதலாமா?
– வாசகி, ஆண்டர்சன்பேட்டை

பதில்: தாத்தா மேல் என்ன கோபம்? அது பாராட்டு இல்லை, திட்டு. விதி எதற்கு வந்தது என்பதை மறந்துவிட்டு, விதியை மட்டும் பிடித்துத் தொங்கி ஆளை வாட்டுகிறவர்தான் மார்ட்டினெட். உங்கள் தாத்தாவின் சுரங்கமோ 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம். மருந்து வைத்துப் பாறையைத் தகர்க்குமுன் ‘எல்லாரும் விலகியாச்சா?’ என்று தலை எண்ணாத மேஸ்திரியை நம்பி யார் இறங்குவார்? ‘டிசிப்ளினேரியன்’ என்று போடுங்கள், தாத்தா கோபிக்க மாட்டார்.

கேள்வி: அந்த மார்ட்டினெட் யார்?
– வாசகர், ஊர்காம்

பதில்: பிரான்ஸ் மன்னர் 14ஆம் லூயியின் காலாட்படையைப் பழக்கிய ழான் மார்த்தினே. அணிவகுப்பில் இம்மி பிசகினாலும் விடமாட்டாராம். 1672இல் போர்க்களத்தில் இறந்தார்; பட்டது சொந்தப் படையின் குண்டு என்று ஒரு பேச்சு. தவறுதலாகத்தான் என்கிறார்கள், நம்புவோம். பிரெஞ்சுக்காரரிடம் ‘மார்த்தினே’ என்றால் அவருக்கு ஒரு பறவையோ தோல்வார்ச் சவுக்கோதான் ஞாபகம் வரும். ஆளைத் திட்டப் பயன்படுத்தியது ஆங்கிலேயர்.

கேள்வி: ஒரு கம்பெனியே மார்ட்டினெட் ஆகுமா?
– வாசகர், ராபர்ட்சன்பேட்டை

பதில்: சொல் தனி ஆளுக்குரியது, குணம் கம்பெனிக்கும் வரும். நம் தங்கச் சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனி காலத்தில் தொழிலாளர்கள் கைரேகை பதிய வேண்டும் என்றார்கள். 1930இல் வேலைநிறுத்தமே வெடித்தது. சுரங்கத்துக்குள் கூண்டில் இறங்கும்போது தலை எண்ணினால் எவரும் முறைக்கவில்லை. எண்ணிக்கை குறைந்தால் தேடுவார்கள் என்று தெரியும். கைரேகை யாரைத் தேட? தங்கம் எடுத்துக் கொடுத்தவனையே திருடனாகப் பார்த்தால் அவனுக்கு வலிக்காதா?

கேள்வி: தமிழில் இதற்கு ஒரு சொல்?
– வாசகி, கோரமண்டல்

பதில்: ‘கறார்’ ஒத்துவராது, கொடுக்கல் வாங்கலில் அது நல்ல பேர். என் ஓட்டு ‘சட்டாம்பிள்ளை’க்கு. திண்ணைப் பள்ளியில் வாத்தியார் இல்லாத நேரம் அதிகாரம் செய்த பையன். வாத்தியாரையாவது கெஞ்சலாம்.

கேள்வி: பெங்களூரு ரயிலுக்கு அரை மணி முன்பே எல்லாரையும் கிளப்பும் நான் மார்ட்டினெட் என்கிறாள் மகள்.
– வாசகர், மாரிக்குப்பம்

பதில்: ரயிலைப் பிடிக்கக் கிளப்பினால் இல்லை. ஏறி உட்கார்ந்த பிறகு டிபன் டப்பாவை வயது வரிசைப்படி திறக்கச் சொன்னால், மகள் சொல்வது சரி.