வேலை கிடைக்கும்வரை பைக் டாக்ஸி ஓட்டுவது எப்படி?

முதலில் ஒரு டிகிரி வேண்டும். மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் என்றால் உத்தமம். டிகிரி இல்லாமலும் பைக் டாக்ஸி ஓட்டலாம்தான். ஆனால் அப்போது அது வெறும் தொழில். "வேலை தேடிக்கிட்டு இருக்கேண்ணா, சும்மா கேப்புல ஓட்டுறேன்" என்று பின்சீட்டில் இருப்பவரிடம் சொல்லிக்கொள்ள முடியாது.

அடுத்தது ஊர். பொன்னேரியைவிடத் தோதான ஊர் அமையாது. வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகையில் மிஷ்லின் டயர் ஆலை, எல்லை தாண்டினால் ஆந்திராவின் ஸ்ரீசிட்டி. இந்தப் பக்கம் வல்லூர் அனல் மின் நிலையம், காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்கள். எந்தத் திசையில் வண்டியைத் திருப்பினாலும் உங்களை எடுக்காத ஒரு கம்பெனி எதிரே வரும். போதாததற்கு 2014 ஜூலையில் மத்திய பட்ஜெட்டிலேயே பொன்னேரியை ஸ்மார்ட் சிட்டி ஆக்குவதாக அறிவித்தார்கள். அப்போது நீங்கள் ஆறாவது படித்திருப்பீர்கள். அந்த நகரத்துக்கும் சரி, உங்களுக்கும் சரி, இன்னும் கால் லெட்டர் வரவில்லை.

காலையில் கும்மிடிப்பூண்டி லோக்கல் வந்து நிற்கும்போது ஸ்டேஷன் வாசலில் இருங்கள். கம்பெனி பஸ் பிடிக்கிறவர்கள் உங்களைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். பஸ்ஸைத் தவறவிட்டவர்தான் உங்கள் கஸ்டமர். தோளில் சாப்பாட்டுப் பை. ஐடி கார்டு சட்டைப் பாக்கெட்டுக்குள், கழுத்து நாடா மட்டும் வெளியே. ஓடிபி சொல்வதற்கு முன்பே "அண்ணா, ஷிப்டுக்கு லேட்டாயிடுச்சு" என்பார். அவருக்கு உங்களைவிட மூன்று வயது கூட இருக்கும், பொருட்படுத்தாதீர்கள். கேட்டில் இறங்கியதும் உள்ளே ஓடிவிடுவார். நீங்கள் வெளியே நின்று கேட்டில் ஒட்டியிருக்கும் 'ஆட்கள் தேவை' நோட்டீஸை நிதானமாகப் படிக்கலாம். ஃபிட்டர், வெல்டர், ஐ.டி.ஐ. போதும், கான்ட்ராக்ட். கீழே சின்ன எழுத்தில்: பி.இ. படித்தவர்கள் வர வேண்டாம்.

சவாரியிலேயே வேலை கேட்பது தனிக் கலை. தெருவுக்குள் கேட்கக் கூடாது. தச்சூர் கூட்டுரோடு தாண்டி, ஜி.என்.டி. ரோட்டில் இரண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போகும்போது, "உங்க கம்பெனில வேகன்சி இருக்காண்ணா?" என்று ஆரம்பியுங்கள். அந்த நிமிடத்தில் இல்லை என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் வராது. "பயோடேட்டாவ வாட்ஸ்அப் பண்ணுங்க ப்ரோ" என்பார். இறங்கிய பிறகு ஆப்பில் தேடிப் பாருங்கள், அவர் நம்பர் இருக்காது.

வருமானக் கணக்கு எளிது. பெட்ரோல் போக மிச்சத்தை ராத்திரி எண்ணிப் பாருங்கள். பின் டயர், செயின் ஸ்ப்ராக்கெட், ஆயில், சிப்காட்டிலிருந்து காலியாக வரும் ரிட்டன், இதையெல்லாம் கணக்கில் சேர்த்தால் தூக்கம் கெடும். இன்சென்டிவுக்கு இரண்டு ரைடு பாக்கி இருக்கிற அன்றைக்குத்தான் இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவார்கள். வாக்-இன் காலை ஒன்பது மணிக்கு; பீக் அவரும் அப்போதுதான். முதல் முறை சட்டையை அயர்ன் செய்துகொண்டு இன்டர்வியூவுக்குப் போவீர்கள். சில மாதம் கழித்து, "அவன் எப்படியும் எடுக்கப்போறதில்ல" என்று நீங்களே ரிசல்ட் சொல்லிவிட்டு லாகின் செய்வீர்கள். அந்தக் காலைக்கான கூலி கைக்கு வந்துவிடும், தேடல் அடுத்த வாரத்துக்குப் போய்விடும். இந்த வேலையின் சூட்சுமமே இதுதான்.

அரசு வேலைக்கு முயலலாமே என்று மாமா சொல்வார். 2025-இல் குரூப் 4-க்கு முதலில் அறிவித்தது 3,935 இடங்கள். விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு காத்திருந்தால் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை உண்டு. இன்ஜினீயரிங் போன்ற தொழிற்படிப்பு படித்தவருக்கு அதுவும் கிடையாது. அவ்வளவு நம்பிக்கை உங்கள்மேல்.

பெண் பார்க்கும் இடத்தில் பையன் என்ன செய்கிறான் என்று கேட்டால், "பெங்களூர் கம்பெனில இருக்கான்" என்று அம்மாவைச் சொல்லச் சொல்லுங்கள். பொய்யில்லை. ராபிடோவுக்கும் ஓலாவுக்கும் தலைமையகம் அங்கேதான்.

கிண்டலை விட்டு இரண்டு விஷயம், தம்பி. உங்கள் வண்டி வெள்ளை போர்டு என்றால் இன்ஷூரன்ஸ் சொந்த உபயோகத்துக்குப் போட்டது. வாடகைக்கு ஓட்டும்போது அடிபட்டால் க்ளெய்மில் சிக்கல் வரலாம், பாலிசியை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். ஆப் வழி வேலை செய்பவர்களுக்கென்று தமிழக அரசு 2023 டிசம்பரில் தனி நலவாரியம் அமைத்தது. அதில் பதிந்துகொள்ளுங்கள். மின் ஸ்கூட்டர் வாங்க 2,000 பேருக்குத் தலா 20,000 ரூபாய் மானியம் என்று 2025-26 பட்ஜெட்டில் அறிவித்ததும் வாரியத்தில் பதிந்தவர்களுக்குத்தான்.