தேதிக்கோட்டுப் பரிபாலன அதிகாரிக்கு ஒரு விண்ணப்பம்

மகாராஜராஜஸ்ரீ சர்வதேசத் தேதிக்கோட்டுப் பரிபாலன அதிகாரி அவர்கள் சமூகத்திற்கு,

1884-இல் வாஷிங்டனில் கூடிய மகாநாடு கிரீன்விச் ரேகையை நிர்ணயித்துவிட்டுக் கலைந்ததேயன்றி, தேதிக்கோட்டுக்கென ஓர் உடன்படிக்கையையோ உத்தியோகஸ்தரையோ ஏற்படுத்தவில்லை என்பதை அறிந்தும் தங்களுக்கே எழுதுகிறேன். இல்லாத அதிகாரியிடம் மனுச் செய்துகொள்வதிலுள்ள சௌகரியம், இருக்கிற அதிகாரிகளிடம் மனுக் கொடுத்து அலுத்தவர்களுக்கே விளங்கும்.

பசிபிக் சமுத்திரத்தில் சமோவாவின் ஃபலேயோலோ விமான நிலையத்துக்கும் அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவுக்கும் ஆகாய தூரம் சுமார் 150 கிலோமீட்டர். சிறு விமானமொன்று முக்கால் மணிக்குள் கடந்துவிடும் இந்த அற்ப தூரத்தில் தங்கள் கோடு குறுக்கிடுவதால், சனிக்கிழமை காலை 10 மணிக்குப் புறப்படுகிறவன் வெள்ளிக்கிழமை 10.40-க்குப் போய் இறங்குகிறான். பஞ்சாங்கம் பார்க்கிற என் போன்றவர்களின் சங்கடம் தனி: சனிக்கிழமை ராகு காலத்தில் கிளம்பியது போதாதென்று வெள்ளிக்கிழமை ராகு காலத்தில் இறங்கவும் வேண்டியிருக்கிறது. தூரத்தைக் காலத்தால் வகுத்து வேகம் காணும் பள்ளிக்கூடக் கணக்கைக் கடிகாரத்தை நம்பிப் போட்டால், போகும்போது விமானம் பின்புறமாகப் பறந்ததென்றும், வரும்போது மணிக்கு 6 கிலோமீட்டர் ஊர்ந்ததென்றும் விடை வருகிறது; அதைச் சற்று எட்டி நடப்பவன் முந்திவிடலாம்.

இது சூரிய பகவானின் திருவிளையாடல் என்று சமாதானம் சொல்லவும் இடமில்லை. 1892-இல் அமெரிக்க வர்த்தகர்களின் சொற்கேட்டுக் கோட்டுக்குக் கிழக்கே போன சமோவா, அவ்வாண்டு ஜூலை 4-ஆம் தேதியை இருமுறை அனுபவித்தது. பிற்காலத்தில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வியாபாரம் பெருகிவிடவே, தான் ஞாயிறு ஆராதனையில் அமர்ந்திருக்கையில் சிட்னியில் திங்கட்கிழமை வியாபாரம் ஜரூராய் நடப்பதைக் கண்டு பொறாமல், 2011 டிசம்பர் 30-ஆம் தேதியாகிய வெள்ளிக்கிழமையை முழுசாக விழுங்கிவிட்டு மேற்கே திரும்பிவிட்டது. அமெரிக்க சமோவாவோ இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அப்படித் திரும்பிய சமோவாவில், சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டிருந்த ஏழாம் நாள் சபையார் இனி ஊராரின் ஞாயிற்றுக்கிழமையே தங்கள் ஓய்வுநாள் என்று தீர்மானிக்க, அதை ஒப்பாதவர்கள் பிரிந்துபோய்ச் சனிக்கிழமையே கூடினார்கள். கர்த்தருடைய கணக்கு எதுவோ, அது எனக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

2013-இல் சமோவாவில் ஒரு விமானக் கம்பெனி பயணிகளைத் தராசில் ஏற்றி, கிலோவுக்கு இவ்வளவென்று கட்டணம் வாங்கியது. உடம்பு ஒரு கிலோ கூடினால் கணக்குப் பார்க்கத் தெரிந்த தேசத்தில், ஆயுளில் ஒரு நாள் கூடுவதையும் குறைவதையும் நிறுத்துப் பார்க்க நாதியில்லை. ஆயினும், காணாமற்போன அந்த வெள்ளிக்கிழமைக்கு ஊழியர்களுக்கு முழுச் சம்பளம் கொடுக்கும்படி அவ்வரசாங்கமே உத்தரவிட்ட முன்மாதிரி இருப்பதால், பாகோ பாகோவிலிருந்து திரும்பும் ஒவ்வொரு பயணிக்கும் ஒரு நாள் படி வழங்கத் தாங்கள் உத்தரவு செய்தருள வேண்டும். போகும்போது கிடைத்த உபரி நாளைக் காட்டி அதைப் பிடித்தம் செய்யக் கணக்குப் பிரிவு துணியுமானால், அந்த நாளுக்கு உரிய சாப்பாட்டுச் செலவின் ரசீதுகளை இத்துடன் இணைத்திருக்கிறேன். தேதிகள் முன்பின்னாக இருப்பதற்கு நான் பொறுப்பல்ல.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள பிரயாணி